சோமனூர் கோடவுன் லைன்: குரலைச் சுருக்கியும் தீராத தாமதம்

மச்சான் கோவையில் பேரிங், வி-பெல்ட் கடை வைத்திருக்கிறார். சரக்குக் கோடவுன் சோமனூரில். இரண்டு இடத்துக்கும் நடுவே இணையம் வழியாக ஓடும் இன்டர்காம் போன்கள். கடையில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடுகிறது. எல்லா எக்ஸ்டென்ஷனும் அதில்தான் பதிவாகின்றன. வெளி நம்பர் எதுவும் கிடையாது, உள்ளுக்குள் பேசிக்கொள்ள மட்டும். போட்டுக் கொடுத்தவர் வேறொருவர். என்னிடம் வந்தது புகார்தான்.

"மத்தியானத்துக்கு மேல குரல் அறுந்து அறுந்து வருது மாப்ள. நான் ஒண்ணு கேட்டா, அவன் பதில் ரெண்டு கேள்வி தள்ளி வருது."

வேறு வியாபாரமாக இருந்தால் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். இங்கே எண்ணும் எழுத்தும்தான் சரக்கு. 6205 பேரிங்கும் 6305 பேரிங்கும் இரண்டுமே 25 மில்லிமீட்டர் தண்டில் ஏறும். ஆனால் வெளி விட்டம் ஒன்றுக்கு 52, இன்னொன்றுக்கு 62. இரண்டாவது இலக்கம் காதில் விழாமல் போனால் தப்பான பெட்டி வண்டி ஏறிவிடும். பெல்ட் அதைவிட மோசம். பி-68, சி-68 என்று எழுத்தை வைத்துத்தான் கேட்பார்கள். பி என்றால் 17 மில்லிமீட்டர் அகலம், சி என்றால் 22. போனில் பி, சி இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. கோடவுன் தம்பி ஒவ்வொரு முறையும் "பாம்பே பி-ங்களாண்ணா, கல்கத்தா சி-ங்களாண்ணா" என்று கேட்டுத்தான் பெட்டியை எடுப்பான்.

முதலில் போன்களின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கோடெக், அதாவது குரலை எண்களாக்கிச் சுருக்கும் முறை, ஜி.729. ஒரு பேக்கெட்டுக்கு, அதாவது இணையத்தில் போகும் ஒரு பொட்டலத்துக்கு, 60 மில்லிவினாடிப் பேச்சு. பேசாத நேரத்தில் ஒலி அனுப்புவதை நிறுத்தும் சைலன்ஸ் சப்ரஷன் ஆன். அலைவரிசையை மிச்சம் பிடிக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்திருந்தார்கள். காரணம் புரிகிறது. சோமனூர்ப் பக்கம் அந்தச் சந்துக்கு ஃபைபர் வரவில்லை. தொலைபேசியின் செம்புக் கம்பியில் ஓடும் ஏடிஎஸ்எல் இணையம்தான். மேலே போகும் வேகம், அதாவது கோடவுனிலிருந்து வெளியே அனுப்பும் வேகம், நொடிக்கு 1 மெகாபிட் சொச்சம்.

ஜி.729 நொடிக்கு 8 கிலோபிட், பழைய தொலைபேசிக் கோடெக்கான ஜி.711 நொடிக்கு 64 கிலோபிட். எட்டில் ஒரு பங்கு என்று காகிதத்தில் அழகாக இருக்கும். கம்பியில் ஏறும்போது கதை வேறு. 20 மில்லிவினாடிப் பேச்சுக்கு ஜி.729 தருவது 20 பைட். அதன் தலையில் விலாசச் சீட்டுகள் போல ஆர்டிபி 12, யுடிபி 8, ஐபி 20 என 40 பைட் ஏறுகிறது. சுமையைவிட மூட்டை கட்டும் கயிறு கனம். அப்புறம் ஏடிஎஸ்எல்-லின் சொந்தக் கணக்கு. இந்த லைன் பிபிபிஓஇ என்ற லாகின் இணைப்பு முறையில் ஓடுவது, அடியில் தரவைச் சம துண்டுகளாக வெட்டி அனுப்பும் ஏடிஎம் என்ற முறை. பிபிபிஓஇ, ஈத்தர்நெட், எல்எல்சி தலைப்புகள், கடைசியில் ஒரு வால் எல்லாம் சேர்ந்து இன்னொரு 40 பைட். ஆக 100. ஏடிஎம் எதையும் 48 பைட் துண்டாகத்தான் வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் 5 பைட் தலைப்பு. 100 பைட்டுக்கு மூன்று துண்டு, அதாவது கம்பியில் 159 பைட். நொடிக்கு 50 பேக்கெட் என்றால் 63.6 கிலோபிட். 8 கிலோபிட் கோடெக் உண்மையில் தின்பது இவ்வளவு.

ஜி.711-ஐ இதே கணக்கில் போட்டால் 160 உடன் 40, இன்னொரு 40, மொத்தம் 240 பைட். சரியாக ஐந்து துண்டு, ஒரு பைட் கூட வீணில்லை. 106 கிலோபிட். எட்டு மடங்கு சுருக்கியதில் கையில் நின்ற மிச்சம் பாதிகூட இல்லை.

முன்னால் வந்தவர் விவரம் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். 60 மில்லிவினாடி வைத்தால் ஜி.729 பேக்கெட் 140 பைட் ஆகும். அதுவும் மூன்று துண்டுக்குள் அடங்கிவிடும். நொடிக்குப் பதினாறு, பதினேழு பேக்கெட் போதும், 21 கிலோபிட்டில் ஒரு அழைப்பு முடிந்துவிடும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் 60 மில்லிவினாடிப் பேச்சு சேரும்வரை பேக்கெட் கிளம்பாது. அந்தப் பக்கம், முன்பின்னாக வரும் பேக்கெட்டுகளைச் சீராக்கும் ஜிட்டர் பஃபர் குறைந்தது ஒரு பேக்கெட்டாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஒலிக்கும். இரண்டும் சேர்ந்து 120 மில்லிவினாடி போச்சு. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குச் சிக்கல் இல்லை, 400-ஐத் தாண்டவே கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டி-யின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அந்த 150-இல் பெரும்பங்கை ஒரே ஒரு அமைப்பு விழுங்கிவிடுகிறது. அதோடு ஒரு பேக்கெட் தொலைந்தால் ஒரு மெய்யொலியே போய்விடலாம். "பி"-யா "சி"-யா என்று பிரித்துக் காட்டுவதே அந்தத் தொடக்க மெய்தான்.

சரி, இதை மாற்றினால் தீர்ந்துவிடுமா? தீராது. காலையில் இதே அமைப்போடுதான் போன் நன்றாக இருக்கிறது, மத்தியானம்தான் கெடுகிறது. கோடெக்குக்குப் பொழுது தெரியாது. இன்னொரு துப்பும் இருந்தது: மச்சான் பேசுவது சோமனூரில் தெளிவாகக் கேட்கிறது, சோமனூரில் பேசுவதுதான் இங்கே அறுந்து, தாமதித்து வருகிறது. ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது என்றால் கோடவுனிலிருந்து மேலே போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

கடையின் ராஸ்பெர்ரி பையில் கோடவுனிலிருந்து வரும் பேக்கெட்டுகளைப் பிடித்து, அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்தேன். ஆர்டிபி ஓட்டங்களை, அதாவது குரல் பேக்கெட்டுகளின் வரத்தை, காட்டும் பக்கத்தில் இழப்பு 0%. இங்கேதான் பலர் "லைன் சுத்தமாக இருக்கிறது, போன்தான் பழுது" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். பேக்கெட்டுக்குப் பேக்கெட் இடைவெளியைக் காட்டும் பத்தியை மெதுவாக உருட்டிப் பாருங்கள். 60, 60, 61 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 240 ஆகிறது. பின்னாலேயே மூன்று பேக்கெட்டுகள் ஒன்றிரண்டு மில்லிவினாடியில் மொத்தமாக வந்து விழுகின்றன. எதுவும் தொலையவில்லை, எல்லாம் பிந்தி வந்தன. ஆனால் போன் தன் முறைக்கு ஒலித்து முடித்த இடத்துக்கு வந்து சேரும் பேக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். பிடித்த இடத்தில் இழப்பு பூஜ்யம், காதில் இழப்பு நிறைய.

தாமதத்தைக் காதால் மட்டும் நம்பாமல் அளக்கவும் ஒரு வழி செய்தேன். ஆஸ்டரிஸ்கில் எக்கோ என்று ஒரு சின்ன வசதி உண்டு. போகிற ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அதற்கு ஓர் எக்ஸ்டென்ஷன் கொடுத்து, தம்பியைக் கோடவுனிலிருந்து அழைக்கச் சொன்னேன். ரிசீவருக்கு ஒட்டினாற்போல மொபைலை வைத்து ஒலிப்பதிவை ஓட விட்டு, எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு. நேரடித் தட்டும், திரும்பி வந்த தட்டும் ஒரே பதிவில் விழும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு கூர்முனைகளுக்கும் நடுவே தேர்ந்தெடுத்தால் கீழே வினாடி தெரியும். டம்ளர் நல்ல கருவி. கைதட்டினால் முனை மழுங்கலாக வருகிறது. சைலன்ஸ் சப்ரஷனை அணைத்துவிட்டு அளப்பது முக்கியம், இல்லாவிட்டால் தட்டின் முனையையே அது தின்றுவிடும்.

லைன் சும்மா இருக்கும்போது போய் வர சுமார் 0.2 வினாடி. அப்புறம் தம்பியிடம் பழுதான ஒரு பேரிங்கைப் படம் எடுத்து முழு அளவில் அனுப்பச் சொல்லிவிட்டு, படம் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி தட்டச் சொன்னேன். 0.75 வினாடி!

காரணம் அவ்வளவுதான். 3 மெகாபைட் படம் 1 மெகாபிட் பாதையில் ஏறக் குறைந்தது 24 வினாடி ஆகும். அந்த நேரம் முழுக்க மோடத்துக்குள் வரிசை நிரம்பியே இருக்கிறது. கூடுதலான அரை வினாடிச் சொச்சத்தை வைத்துப் பார்த்தால் வரிசையின் நீளம் 64 கிலோபைட் அளவுக்கு வரும். அவ்வளவு பைட் 1 மெகாபிட்டில் வடிய அரை வினாடிக்கு மேல் பிடிக்கும். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பி வந்த சரக்கைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பில்லிங் மென்பொருளின் பேக்கப்பும் அப்போதே கிளம்புகிறது. கேமரா பெட்டியும் தன் பங்குக்கு எங்கோ ஒரு சர்வருக்குப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தது. குறுகிய சந்துக்குள் லாரிகள் வரிசையாக நின்றால், பின்னால் வருவது சைக்கிளா புல்லட்டா என்பது முக்கியமில்லை. ஜி.729 போட்டது வண்டியைச் சின்னதாக்கியது. சந்து அப்படியேதான் இருந்தது.

கோவைக்கும் சோமனூருக்கும் சுமார் 30 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி அந்தத் தூரத்தை ஒரு மில்லிவினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால்கூட ஒருவழித் தாமதம் கால் வினாடிதான். மச்சான் பக்கத்து ஊருக்கு அதைவிட இரண்டு மடங்கு தாமதத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

மோடத்துக்குள் இப்படி வரிசை வீங்குவதை ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பஃபர்ப்ளோட் என்று பெயர் சூட்டி ஊரறியச் செய்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பேக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது அதன் சூத்திரம். அதன் வழியில் வந்த கேக் என்ற வரிசை ஒழுங்கு முறை இன்று ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பழைய ரவுட்டர் ஒன்றில் அதை ஏற்றினேன்.

மோடத்தை, வருவதைக் கடத்தி மட்டும் விடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, பிபிபிஓஇ இணைப்பை ரவுட்டரே எடுக்கும்படி செய்தேன். மேலே போகும் வேகம் 900 கிலோபிட் என்று கட்டினேன். லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைப்பதுதான் சூட்சுமம்: அப்போது வரிசை மோடத்துக்குள் உருவாகாமல் ரவுட்டருக்குள் உருவாகும், அங்கே கேக் அதை ஒழுங்குபடுத்தும். கேக்கிடம் "இது ஏடிஎம் லைன், பேக்கெட்டுக்கு 40 பைட் கூடுதல்" என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டாயம் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் குரல் மாதிரிச் சின்னப் பேக்கெட்டுகள் கம்பியில் எடுக்கும் இடத்தைக் கேக் குறைத்துக் கணக்கிடும். நாலு பேர் பேச ஆரம்பித்ததும் வரிசை மறுபடி மோடத்துக்குள் போய்விடும். இதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி லைனைத் தூக்கி எறிவதற்குச் சமம் அது.

படம் அனுப்பும் இணைப்பு ஒன்று, குரல் ஒன்று என்று கேக் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து மாற்றி மாற்றி விடுகிறது. கொஞ்சமாகப் பேசும் இணைப்புக்கு முதல் வழி. போன்களில் 'இது குரல், முந்தி விடு' என்று சொல்லும் டிஎஸ்சிபி 46 என்ற குறியைப் போட்டால் இன்னும் உறுதி. மறுபடி டம்ளர். படம் ஓடும்போதும் தாமதம் ஏறவில்லை என்று சொல்லலாம். ஒரு பெரிய பேக்கெட் கம்பியில் ஏறி முடிக்கும் 14, 15 மில்லிவினாடிதான் கூடியது. கேமரா பெட்டியின் பதிவேற்றத்தை இரவுக்குத் தள்ளினேன். குரலுக்கு அது அவசியமில்லை, பேக்கப் சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக.

வரிசை ஒழுங்கான பிறகுதான் கோடெக் பக்கம் வந்தேன். இனி அலைவரிசைப் பஞ்சம் இல்லை, காதுக்கு எது நல்லது என்று பார்க்கலாம்.

கோடவுனுக்குப் பக்கத்திலேயே தறிக்கூடம். கதவு திறந்திருந்தால் தடக் தடக் என்று இடைவிடாத சத்தம். ஜி.729 இந்தச் சத்தத்தில் படுகிற பாட்டைக் கேட்க வேண்டும். அது அலையை அனுப்புவதில்லை. மனிதன் பேசுகிறான் என்று வைத்துக்கொண்டு தொண்டையின் வடிவத்தை அனுப்புகிறது. 10 மில்லிவினாடிக்கு 80 பிட். அதில் 18 பிட் வாய்த்தடத்தின் வடிவத்துக்கு, 13 பிட் சுருதிக்கு, மிச்சம் துடிப்பின் வகைக்கும் அளவுக்கும். தறிக்குத் தொண்டை கிடையாது. அந்தச் சத்தத்தையும் ஒரு தொண்டையாக நினைத்து வரையப் பார்ப்பதால், தண்ணீருக்குள் யாரோ கொப்பளிப்பது போன்ற ஒலி பின்னால் ஓடுகிறது, பேசுகிறவன் குரலும் அதோடு சேர்ந்து குழைகிறது. அமைதியான அறையில் ஜி.729 பரவாயில்லை. தறி ஓடும் ஊரில் அதைப் போடக் கூடாது.

பி, சி குழப்பம் ஜி.729-இன் குற்றம் மட்டுமல்ல. ஜி.711-லும் இருந்தது. நொடிக்கு 8000 முறை அளக்கும் பழைய தொலைபேசி ஒலி சுமார் 3400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். "சி" என்பதில் இருக்கும் சீறல் ஒலியின் பலமெல்லாம் 4000-க்கு மேலே. அது வெட்டுப்பட்டபின் மிஞ்சுவது "ஈ". முன்னால் என்ன இருந்தது என்று காது ஊகிக்க வேண்டியதுதான். எவ்வளவு அலைவரிசை கொடுத்தாலும் ஜி.711 இதைத் தராது.

எனவே ஜி.722. 1988-இல் வந்தது. அதே 64 கிலோபிட், ஆனால் நொடிக்கு 16,000 முறை அளந்து 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டு போகும். ஒலியைக் கீழ், மேல் என்று இரண்டு பட்டையாகப் பிரித்துத் தனித்தனியே சுருக்குவதால் தாமதம் மிகக் குறைவு, தறிச் சத்தம் தறிச் சத்தமாகவே வரும். கடையில் இருந்த மலிவான மேசைப் போன்களில்கூட அது ஏற்கெனவே இருந்தது, யாரும் முதல் வரிசைக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். என் கணிப்பில் அலுவலக போன்களில் மிகவும் வீணாகக் கிடக்கும் வசதி இதுதான். வயர்ஷார்க்கில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஜி.722-க்கு ஆர்டிபி கடிகாரம் 8000 என்று காட்டும். பயப்பட வேண்டாம். ஆரம்பத்தில் தவறாக எழுதப்பட்டு, எல்லாக் கருவிகளும் அப்படியே பின்பற்றிவிட்டதால் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

பேக்கெட் 20 மில்லிவினாடி. சைலன்ஸ் சப்ரஷன் அணைந்தே இருக்கட்டும் என்று விட்டேன். அது சொல்லின் முதல் மெய்யைக் கடித்துவிடும்; எண்ணும் எழுத்தும் பேசுகிற இடத்தில் அந்த மெய்தான் முக்கியம். ஒரே நேரத்தில் மூன்று அழைப்பு ஓடினாலும் 320 கிலோபிட்டுக்குள்தான்.

மாற்றியதும் தம்பியை அழைத்து "பி 68, சி 68, சி 68, பி 68" என்று கலைத்துக் கலைத்துச் சொன்னேன், எழுதிக்கொண்டு திரும்பப் படித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. டம்ளர் கணக்கு போய் வர 0.12 வினாடி, படம் ஓடும்போது 0.14-க்குள்.

இன்னொன்று மச்சான் மேசையில் கிடைத்தது. எல்லாம் சரியான பிறகும் அவருக்கு மட்டும் கொஞ்சம் தாமதம் இருந்தது. காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு மொபைல் செயலி வழியாகப் பேசுகிறார்! ப்ளூடூத்தே தன் பங்குக்கு நூறு மில்லிவினாடிக்கு மேல் சேர்க்க முடியும். பழைய ஹெட்செட் என்றால் ஒலியையும் 8000-க்கு இறக்கிவிடும், ஜி.722 போட்ட பலன் காதுக்கு அரை விரற்கடை முன்னால் அழிந்துபோகும். "வயர் வச்சதைப் போட்டுக்கங்க மச்சான்" என்றேன். முகம் சுளித்தார், ஆனால் கடைக்குள் இருக்கும்போது மேசைப் போனையே எடுக்கிறார்.

வெளியே அலையும் விற்பனைப் பையன்களுக்கு ஜி.722 சரிப்படாது. மொபைல் இணையத்தில் பேக்கெட் நிஜமாகவே தொலையும். அவர்கள் செயலியில் ஓபஸ் என்ற கோடெக். 2012-இல் தரமாக்கப்பட்டது, ஸ்கைப்பின் சில்க் கோடெக்கும் ஸிஃப் (Xiph.Org) அமைப்பின் கெல்ட் கோடெக்கும் சேர்ந்த கலவை. நொடிக்கு 24 கிலோபிட்டிலேயே அகல ஒலி கிடைக்கிறது. முக்கியமாக, ஒரு பேக்கெட்டுக்குள் முந்தைய பேக்கெட்டின் மெலிந்த நகல் ஒன்றையும் வைத்து அனுப்ப முடியும். நடுவில் ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஓபஸில் வருபவர் மேசைப் போனோடு பேசினால் நடுவே ராஸ்பெர்ரி பை அதை விரித்து ஜி.722 ஆக மறுபடி சுருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தரம் போகும், கொஞ்ச நேரம் ஏறும். அதைச் சகித்துக்கொள்ளலாம். ஜி.729-இலிருந்து இன்னொரு குறைந்த பிட் கோடெக்குக்கு மாற்றுவதுதான் காதில் குத்தும்.

கடைசியாகப் பாதுகாப்பு. பழைய அமைப்பில் ஆஸ்டரிஸ்க் கதவு இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்தது. பதிவேட்டில் எங்கெங்கிருந்தோ கடவுச்சொல் முயற்சிகள். வைர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய சுரங்க இணைப்பைப் போட்டுக் கதவை மூடினேன். அதற்கும் விலை உண்டு: பேக்கெட்டுக்கு 60 பைட் கூடுதல், அதோடு 16-இன் மடங்காக்க நிரப்பும் சில பைட். ஐந்து துண்டில் அடங்கிய ஜி.722 பேக்கெட் இப்போது ஏழு துண்டு, ஓர் அழைப்புக்கு 148 கிலோபிட். மூன்று அழைப்பு 445 அளவில் நிற்கிறது, 900-இல் பாதி. வைர்கார்ட் உள்ளே இருக்கும் டிஎஸ்சிபி குறியை வெளி உறைக்கு எடுத்து எழுதாது என்பதால் போனில் போட்ட 46 வெளியே தெரியாது. சுரங்கத்துக்குள் குரல் மட்டுமே போகிறது; ஆகவே அதன் போர்ட்டை வைத்து ரவுட்டரிலேயே மொத்தமாகக் குறி போட்டுவிட்டேன்.

அந்தச் சந்துக்கும் ஃபைபர் இழுக்கப் போகிறார்களாம். வந்ததும் கேக்கில் ஏடிஎம் என்ற தேர்வை எடுத்துவிட்டு, புது வேகத்தைப் போட வேண்டும். ரவுட்டரின் அடியில் அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் பார்த்துக்கொள்வார்.